நாவல் பழப் பொடியும் உன் அப்பாவின் இரண்டு விரல்களும்

தம்பி,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏலக்காய் ஸ்டோரில் தூக்குச்சட்டியைத் திறந்து முதல் வாய் சோறு எடுத்தபோது நீ அனுப்பிய செய்தி வந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் கண்ணாடியை வாங்கிப் படித்தேன். 'அம்மா, ரெண்டு நிமிஷம் பேசி வீடியோ எடுத்து அனுப்புங்க. அப்பாவுக்கு முள்ளு குத்தித்தான் கால்ல புண்ணு வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நம்ம பொடிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நீங்க சொன்னா ஜனங்க நம்புவாங்க.' அதற்குக் கீழே கும்பிடுகிற கை ஒன்று. நான் சோற்றை மூடி வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் வரை பச்சைக் காயும் வெளுத்த காயும் என் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. மேஸ்திரி இரண்டு தடவை வந்து திட்டிவிட்டுப் போனார்.

போனில் பேசினால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் பேச்சுக்கு முன்னால் என்னால் நிற்க முடியாது என்பது உனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். இரண்டு படி எழுதப் போகிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று ஸ்டோரில் என்னோடு உட்கார்ந்து காய் பிரிக்கிறவர்களுக்கு. உன் பொடி டப்பாவை முதன்முதலில் அவர்கள் கையில் கொடுத்தவள் நான். நான் எழுதுவதை அவர்களும் படிக்கட்டும். அம்மா நம்மைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு வந்திருக்கிற கோபத்துக்கு முன்னால் அது பெரிதில்லை.

உன் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். போடியிலிருந்து விடிகாலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறவர், அடிவாரத்து முந்தலில் ஒரு டீ, மேலே போய் ஒரு டீ, இறங்கும்போது ஒரு டீ, எல்லாவற்றிலும் சீனி தூக்கலாகப் போட்டுக் குடித்து வாழ்ந்த மனிதர். டாக்டர் சொன்னதும் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. மாத்திரையாவது வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் முடிந்தது. சில வருஷம் கழித்து இன்சுலின் ஊசி என்றபோது கூனிக் குறுகிப் போனார். மலைப் பாதையின் பதினேழு வளைவையும் ஒற்றைக் கையால் திருப்புகிறவருக்கு வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வது அவமானமாக இருந்தது. சட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். நான்தான் போட்டுவிடுவேன். உனக்கு அது தெரியும். லீவுக்கு வரும்போதெல்லாம் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாய்.

நீ கோயம்புத்தூரில் உணவுப் படிப்பு எடுத்ததே அப்பாவுக்காகத்தான் என்று சொன்னாய். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். கடைசி வருஷம் நாவல் பழ சீசனில் சர்க்கரை பார்க்கிற ஒரு சின்ன மெஷினோடு வீட்டுக்கு வந்தாயே, அந்தப் பத்து நாளை நினைத்துப் பார். ஒரு நாள் நாலு இட்லி மட்டும். மறுநாள் அதே நாலு இட்லியோடு நாவல் பழம். ஒவ்வொரு நாளும் அப்பாவின் விரல் நுனியைக் குத்தி, மணி பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டாய். பழத் தோலிலும் கொட்டையிலும் பாலிபினால் என்று ஒரு சத்து இருக்கிறது, துவர்ப்பாக நாக்கைப் பிடிக்கிறதே, அதில் பெரும்பங்கு அதுதான் என்றாய். நாம் தின்கிற மாவு வயிற்றில் சர்க்கரையாக உடைவதை அது கொஞ்சம் மெதுவாக்கும், அதனால் சாப்பிட்டதும் சர்க்கரை குபீரென்று ஏறாது என்றாய். அப்பா உடனே, "அப்ப ஊசிய விட்டுறலாமாடா?" என்று கேட்டார். நீ பதறிப்போய், "அய்யோ அப்பா, இது கொஞ்சந்தான் செய்யும். மருந்து செய்ற வேலைய இது செய்யாது. அதுலயும் ஒரே ஆளப் பத்து நாள் பாத்துட்டு எதையும் சொல்லவே கூடாது. எங்க சார் அடிச்சே கொன்னுருவாரு" என்றாய். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வயிறு குளிர்ந்தது. பிள்ளை படித்திருக்கிறான், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறான் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளையை எங்கே தொலைத்தாய்?

நீயும் உன் கூட்டாளியும் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தீர்கள். நாவல் கொட்டை, திராட்சைத் தோல், மாதுளைத் தோல், எல்லாம் காயவைத்து அரைத்த பொடி. நல்ல பொடிதான். அதில் நான் குறை சொல்லவில்லை. அப்பாவுக்கு முதல் டப்பாவை நீயே கையில் கொடுத்தாய். அவர் காலையும் மாலையும் குடித்தார். அதோடு டீயில் சீனியை விட்டார். ஸ்டாண்டுக்குப் பைக்கில் போகாமல் நடந்தார். இராச் சோறு பாதியானது. மகன் தொழில் தொடங்கியிருக்கிறான் என்ற சந்தோஷத்தில் அத்தனையும் செய்தார். மாத்திரையும் ஊசியும் ஒரு வேளை தவறவில்லை. மூன்று மாதத்தில் சர்க்கரை நன்றாக இறங்கியது. எதனால் இறங்கியது என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த வீட்டில் யாரும் இல்லை.

நீ கேமராவோடு வந்தாய். ஜீப்பு முன்னால் அப்பாவை நிறுத்தி, "எப்படிப்பா இருக்கு ஒடம்பு?" என்றாய். "நல்லாருக்குப்பா. கால் மதமதப்புக் கூடக் கொறஞ்சிருக்கு" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு உன் குரல் வந்தது. 'பன்னிரண்டு வருஷச் சர்க்கரை. இன்னைக்கு என் அப்பா ஊசியைத் தூக்கிப் போட்டுட்டாரு.' நீ அதைச் சொன்ன நேரத்தில் ஊசி மருந்து நம் வீட்டுப் பிரிட்ஜில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அன்று காலையில்தான் போட்டுவிட்டிருந்தேன். கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தாம்மா பேசுறாங்க. மெதுவாச் சொன்னா யாரும் நின்னு பாக்க மாட்டாங்க" என்றாய். நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். தம்பி, அந்தச் சிரிப்புக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வீடியோ மலை ஏறியது. தோட்டத்துக்குப் போகிற பெண்கள் ஜீப்பிலேயே பார்த்தார்கள். சிலமலை ஊர்ப் பேச்சியைத் தெரியுமல்லவா, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவாளே, அவள்தான் கேட்டாளாம். "அண்ணே, நெசமாவே ஊசிய விட்டுட்டீகளா?" அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்திருக்கிறார். வந்த வளைவைத் திருப்பினாராம். பிறகு, "ஆமாத்தா, எம்மகன் சொல்லிட்டான்ல" என்றிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நான் மருந்தை எடுத்து வந்தபோது சட்டையைத் தூக்கவில்லை. "வேணாம், கொண்டுபோயி வையி" என்றார். ஏன் என்று கேட்டேன். "அத்தன பேரு முன்னாடி அவென் சொல்லிப்புட்டான். நான் இங்க உக்காந்து திருட்டுத்தனமா ஊசி போட்டா எம்மகன் பொய் சொன்னவனாயிருவான்ல. நான் விட்டுட்டா அது நெசமாயிரும்" என்றார். அன்றிலிருந்து மாத்திரையும் இல்லை. நீ சொன்ன பொய்யை மெய்யாக்குவதற்குத் தன் உடம்பைக் கொடுத்தார் உன் அப்பா. இதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று என் கையில் சத்தியம் வாங்கியிருந்தார். அந்தச் சத்தியத்தை இப்போது உடைக்கிறேன்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. நான் சண்டை போட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டேன். உள்ளுக்குள் ஒரு நப்பாசை. என் மகன் கண்டுபிடித்தது நிஜமாகவே வேலை செய்தால் என்ன என்று. ஸ்டோரில் உன் வீடியோவை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். டப்பா டப்பாவாக வாங்க வைத்தேன். பேச்சிக்கும் நான்தான் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் மாதாந்திரச் சீட்டில் எழுதும்போது நர்ஸ் பெண் ஒருத்தி, "மருந்து ஒழுங்கா எடுக்குறாராம்மா?" என்று கேட்டாள். "எடுக்குறாருத்தா" என்றேன். அன்று நான் வாயைத் திறந்து உண்மை சொல்லியிருந்தால் அவருடைய காலில் இன்று பத்து விரலும் இருந்திருக்கும்.

ஆனால் உன்னிடம் நான் மறைக்கவில்லை. அவருக்குத் தாகம் அடங்கவில்லை, அடிக்கடி எழுந்து போகிறார், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது என்று போனில் சொன்னேன். "அப்பா ஊசியும் மாத்திரையும் நிப்பாட்டிட்டாருடா" என்றேன். ஏன் நிறுத்தினார் என்பதை மட்டும்தான் சொல்லவில்லை. நீ பேசாமல் இருந்தாய். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டேன். அப்புறம், "சரிம்மா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. எனக்கு இங்க ஒரு சோலி இருக்கு, அப்பறம் கூப்புடுறேன்" என்றாய். நீ கூப்பிடவில்லை. அதே வாரம் புது வீடியோ வந்தது. அப்பா படம் அதிலும் இருந்தது. நீ தெரியாமல் செய்திருந்தால் நான் உனக்காக ஊர் உலகத்தோடு சண்டை போட்டிருப்பேன். நீ படித்தவன். ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தவன். அந்த அரை நிமிஷம் பேசாமல் இருந்தாயே, அப்போது எதை நினைத்தாய் என்று மட்டும் எனக்கு ஒரு நாள் சொல்.

பிறகு நடந்ததை நீ பாதி கேட்டாய், மீதியைக் கேட்க உனக்கு நேரமில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல், தோட்டம் விட்டு இறங்கும்போது, பதினோராவது வளைவில் ஜீப்பு தடுப்புச் சுவரில் போய் மோதியது. மழையில்லை, மூடுபனியில்லை, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "ரோடு ரெண்டாத் தெரிஞ்சுச்சு. எது நெசம்னு தெரியல" என்றார். சுவர் தாங்கியது. தாங்காமல் போயிருந்தால் பதினோரு பெண்களும் உன் அப்பாவும் பள்ளத்தில் கிடந்திருப்பார்கள். முப்பது வருஷம் அந்த மலையில் ஓட்டியவர், ஒரு கோழியைக் கூட அடித்ததில்லை. பேச்சிக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இவருக்கு ரத்தம் பார்த்தால், அந்த மெஷின் எண்ணே காட்டவில்லை. அவ்வளவு உயரத்தில் இருந்தது சர்க்கரை.

செருப்பைக் கழற்றிய பிறகுதான் காலைப் பார்த்தோம். எனக்கு முன்னமே ஒரு வாடை வந்தது. நாளெல்லாம் ஜீப்பில் இருக்கிறவர், டீசல் வாடையும் வேர்வையும் என்று விட்டுவிட்டேன். பழைய ஜீப்பில் இன்ஜின் சூடு கால் வைக்கிற தகட்டுக்கு இறங்கும். உணர்ச்சி செத்த கால் அது. தேய்ந்த ரப்பர் செருப்பு வழியாக நாள் முழுக்கச் சுட்டிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. உள்ளங்காலில் எழுந்த கொப்புளம் புண்ணாகி, புண் உள்ளே போய், சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் அடிப்புறம் கறுத்துக் கிடந்தன. முள் எங்கே இருக்கிறது தம்பி? எந்த முள்ளை நான் கேமரா முன்னால் காட்டட்டும்?

விரல்களை எடுத்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவள் மேசையில் வைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல விஷம் ஒன்னும் இல்லம்மா. பழத்துல இருக்குற சத்து சர்க்கரைக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணும்னு ஆராய்ச்சி பண்றாங்க. நாவல் பழம் சீசன்ல அளவாச் சாப்புடட்டும், நானே சொல்லுவேன். ஆனா ஒத்தாசைக்கு வந்த ஆள நம்பி, வேல செய்ற ஆள வீட்டுக்கு அனுப்புனது யாரு?" என்று கேட்டாள். அவள் சொன்னது, நீ அன்றைக்கு நோட்டை வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்ன அதே விஷயம். உனக்குத் தெரிந்த உண்மையை எனக்கு வேறு ஒருத்தி சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வார்டில் பேச்சி படுத்திருந்தாள். எலும்பு கூடுகிறதா என்று பார்த்தவர்கள் சர்க்கரையையும் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரைக்காரியான அவளும் இரண்டு மாதமாக மாத்திரையைத் தொடவில்லை. "டிரைவரண்ணே விட்டுட்டாரு, நமக்கு என்னன்னு நானும் விட்டுட்டேன் மதினி" என்று என்னிடமே சொன்னாள். என் மேல் அவளுக்குக் கோபம் கூட இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எதுக்கு மதினி அழுகுறீக, அண்ணனுக்குச் சரியாயிரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

நீ வந்தாய். ஒரே ஒரு நாள். அப்பா காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து அழுதாய். அழுததை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் வராந்தாவில் நான் கேட்டபோது என்ன சொன்னாய்? "நான் மருந்த நிறுத்தச் சொல்லி யாருகிட்டயும் சொல்லலம்மா. டப்பாவுல கீழ போட்டிருக்கே, டாக்டரக் கேட்டுக்கங்கன்னு." அந்த எழுத்தை நானும் பார்த்தேன். ஏலக்காய்க்குள் இருக்கிற அரிசி அதைவிடப் பெரிது. வாய் நிறையச் சொன்ன பொய்யை மூடுவதற்கு அந்த எழுத்தா? பேச்சிக்குப் படிக்கவே தெரியாதடா.

உன் செய்தி வந்த மறுநாள் நான் ஸ்டோருக்கு லீவு சொல்லிவிட்டு மலைக்குப் போனேன். அப்பாவின் ஜீப்பை இப்போது செல்வம் ஓட்டுகிறான். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற இடத்தில் நின்று, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "எங்க வீட்டுக்காரரு ஊசியத் தூக்கிப் போட்டுட்டாருன்னு எம்மகன் சொன்னது பொய். அன்னைக்குக் காலையில நாந்தேன் போட்டுவிட்டேன். அந்தப் பொய்யாலதான் அவரு பெறகு நெசமாவே விட்டாரு, ரெண்டு வெரலு போச்சு. பொடி குடிக்கிறவுக குடிங்க. மாத்திரைய விட்டவுக இன்னைக்கே போயி டாக்டரப் பாருங்க." கூட்டத்தில் ஒருத்தி, "பெத்த மகனையே இப்படிப் பேசுறியே ஆத்தா, ஒனக்கு மனசு வலிக்கலையா?" என்றாள். "வலிக்குது. அதுக்காக ஒன் புருசன் காலையும் எடுக்கவா?" என்றேன். நாலு பேர் அப்போதே முன்னால் வந்து, நாங்களும் விட்டுட்டோம் என்றார்கள். நாலு பேர், தம்பி. ஒரே தோட்டத்தில். இன்னும் எத்தனை தோட்டம், எத்தனை ஊர் உன் வீடியோவைப் பார்த்திருக்கும் என்று உட்கார்ந்து யோசி.

வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்கு அதற்குள் செய்தி வந்திருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எம்மகன ஊரு முன்னாடி பொய்யன்னு சொல்லிட்டு வந்துட்டேல்ல" என்றார். அன்று முழுக்க என் கையால் தண்ணீர் கூட வாங்கவில்லை. ஊசி போடுகிற நேரம் வந்தபோது மட்டும் சட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். உன்னைக் காப்பாற்ற அவரிடம் இனிமேல் ஒன்றும் மிச்சமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

உன் படிப்பு மேல் எனக்குக் கோபமில்லை. பழத்தின் மேலும் இல்லை. கடையை மூடு என்றும் சொல்லமாட்டேன். இருப்பதை இருக்கிறபடி சொல்லி விற்க முடிந்தால் விற்றுப் பிழை. உண்மையைச் சொன்னால் விற்காது என்றால் அது உன் பாடு, அதற்கு என் புருஷனின் படத்தைக் கேட்காதே. அவர் முகம் இருக்கிற எல்லா வீடியோவையும் எடு. எடுத்த இடத்தில் நீயே வந்து நின்று, நான் சொன்னது பொய் என்று, அன்று பேசிய அதே சத்தத்தோடு சொல். முள்ளைப் பற்றி இன்னொரு தடவை என்னிடம் பேசினால் நான் போனை எடுக்கமாட்டேன்.

நான் சொன்னது ஒரே ஒரு தோட்டத்தில்தான். மீதியெல்லாம் நான் போய்ச் சொல்லி ஆகாது. நீ பேசியதை நீதான் போய் அழிக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் செல்வத்தின் ஜீப்பு போடி ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிறது. முன் சீட்டில் உனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். பேச்சி இன்னும் கையைத் தூக்க முடியாமல் இருக்கிறாள், அவளும் அன்றைக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏறு. வரவில்லை என்றால் அந்தச் சீட்டு காலியாகவே மலை ஏறும். எல்லாரும் பார்ப்பார்கள்.

உன் அம்மா